இடது ஓரம்

லியாரியில் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர்களில்
கதவை இடது காலால் உதைத்துச் சாத்துகிறவர் ஒருவர்தான்.
என் கணவர், ஹம்மல்.

எங்கள் சந்துச் சுவர் நெடுக பிரேசில் கொடி.
நான் கல்யாணமாகி வந்த வாரம்
யாரோ புதுசாக மஞ்சள் அடித்திருந்தார்கள்.
துப்பட்டாவில் ஒட்டியது இன்னும் போகவில்லை.
நம் கொடியை ஏன் யாரும் வரையவில்லை என்று கேட்டேன்.
"அதைச் சட்டையில் தைத்துத் தருவார்கள்" என்றார்.

தந்தார்கள்.
லாகூர் முகாமிலிருந்து வரும்போது கொண்டுவந்தார்:
பச்சைச் சட்டை, நெஞ்சில் பிறை,
முதுகில் பதினொன்று.
அப்போது அவருக்கு இருபத்திரண்டு.
மாமியார் மிளகாய் சுற்றி நெருப்பில் போட்டாள்.
நெடி வரவில்லை, கண் பட்டிருக்கிறது என்றாள்.

ஆடவில்லை.
முதலில் தொடையில் பிடிப்பு என்றார்கள்,
அப்புறம் விசா.
அப்புறம் ஒரு நாற்காலிக்கு இரண்டு தலைவர்கள்,
ஒரு பூட்டுக்கு மூன்று சாவி,
கோர்ட்டில் வழக்கு.
கடல் தாண்டி எங்கோ கூடி உட்கார்ந்தவர்கள்
இந்த நாடு பந்து ஆடக்கூடாது என்று எழுதிவிட்டார்கள்.
தொடர்ந்து மூன்று வருடம் ஒரு ஆட்டம் இல்லை.
அப்புறம் கொஞ்சம் ஆடினார்கள், தோற்றார்கள்.
அப்புறம் மறுபடி தடை.

சியால்கோட்டில் உலகத்துக்கே பந்து தைக்கிறார்களாம்.
தைக்கட்டும்.

பூட்டிய வீட்டில் என்ன களவு போகும் என்பார்கள்.
போனது.
இருபத்துமூன்று போனது, இருபத்துநான்கு,
இருபத்தெட்டு போன அன்று
அவர் லாரி லைசென்ஸுக்குப் படம் எடுத்துக்கொண்டார்.

எட்டாம் மாதம் என் வயிறு வேறெதிலும் அடங்காமல்
அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டேன்.
கோபப்படுவார் என்று நினைத்தேன்.
உள்ளே உதைத்தவளைக் கை வைத்துப் பார்த்துவிட்டு
"இடது கால்" என்றார்.
அதோடு சரி.
கிரானாஸ் பிறந்தபின் சட்டை லாரிக்குப் போனது,
கண்ணாடி துடைக்க.

போன அக்டோபருக்கு முந்தைய அக்டோபரா,
அதற்கும் முந்தையதா,
இஸ்லாமாபாத்தில் கம்போடியாவோடு ஆட்டம்.
அன்று அவர் லாரி எடுக்கவில்லை.
டயர் சரியில்லை என்றார். டயருக்கு ஒன்றுமில்லை.
வெளிநாட்டுப் புல்லில் வளர்ந்த பையன்கள் சிலர்
நம் சட்டை போட்டு நின்றார்கள்.
கீதத்துக்கு வாய் அசைக்கிறார்களா என்று
மாமியார் கிட்டப் போய்ப் பார்த்தாள்.
இவர் அவர்கள் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாதி ஆட்டத்துக்குப் பிறகு கரண்ட் போனது.
யாரும் திட்டவில்லை. திட்டிப் பழகிவிட்டோம்.
அடுத்த சந்தில் ஜெனரேட்டர் உண்டு.
இருட்டில் உட்கார்ந்து அந்தச் சந்தைக் கேட்டோம்.

சத்தம் வந்தது.
இங்கே பிறந்தவர்களுக்கு அது போதும்.
பந்து வெளியே போனால் சத்தம் உச்சிக்கு ஏறி
டயரில் காற்றுப்போல் இறங்கும்.
இது இறங்கவே இல்லை.
சுவரைத் தாண்டி வந்தது, தகரத்தில் கல் விழுந்தது,
யாரோ ஒரு பையன் சட்டையைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டு
எங்கள் வாசலில் ஓடினான்.

ஒன்று, சுழியம்.
உலகக் கோப்பைக்கான தகுதி ஆட்டங்களில்
முப்பத்துநான்கு வருடத்தில் முதல் வெற்றி.
கம்போடியா எங்கே இருக்கிறது என்றாள் கிரானாஸ்.
தோற்ற இடத்தில் என்றாள் மாமியார்.
ஜிலேபி வந்தது, காசு வாங்கவில்லை.

இவர் மட்டும் வாசலில் நின்று
போகிற வருகிறவர்களை எல்லாம் நிறுத்தி
ஒன்றே கேட்டார்:
பந்து எந்தப் பக்கமிருந்து வந்தது?
ஒருவனுக்கும் ஞாபகமில்லை. ஆடிக்கொண்டிருந்தார்கள்.
"இடது பக்கம்" என்றேன் நான்,
அவரோடு இருட்டில் உட்கார்ந்திருந்தவள்.
தலையாட்டினார்.

ராத்திரி போனில் அந்தக் கோலைப் பார்த்தார்.
மூன்று தடவை.
என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

விடியற்காலை லாரி கண்ணாடியைத் துடைத்தார்.
பதினொன்று இருக்கிற பக்கத்தை உள்ளே மடித்து,
அது நனையாமல்.
ஆறு மணிக்குக் கல்ரி பக்கம் முதல் நடை.
கதவு அறைந்த சத்தத்தில் குழந்தை எழுந்துகொண்டாள்.